பழக் கொக்டெயிலுக்குச் சீனி பார்த்தவன்

அந்த நோன்பு மாதத்தில் எங்கள் தெருவில் நோன்பு பிடிக்காத ஒரே ஆம்பிளை நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அது பொய் என்பது எனக்கும் எங்கள் வளவில் திரிகிற கடுவன் பூனைக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் இருந்த டொக்டருக்கு என் மகளின் வயதுகூட இராது. கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டே, "இந்த முறை நோன்பு வேணாம் வாப்பா, குளிசையோட வெறும் வயிறு கூடாது" என்றா. நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் இருந்த என் மனைவி, "ஓம் டொக்டர், பிடிக்க விடமாட்டன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த கையோடு பித்யா அரிசியையும் அளந்து ஒரு ஏழை வீட்டுக்கு அனுப்பினாள். நோன்பு பிடிக்க ஏலாதவர் அதற்குப் பதிலாகக் கொடுக்கிற அரிசி அது. அரிசி படலையைத் தாண்டியதும் என் நோன்பும் முடிந்தது என்பது அவளுடைய முடிவு.

நான் கல்முனைப் பக்கத்தில் வட்டவிதானையாக இருந்தவன். யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, யார் வாய்க்காலை மறித்தது என்று தீர்ப்புச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். வெள்ளாமை வெட்டுகிற வெயிலிலும் ஒரு நோன்பு விட்டதில்லை. அப்படிப்பட்டவன் இனிப் பகலில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று தேநீர் குடிப்பதா? எனக்கு அது செத்து மையத்தாகிப் போவதைவிடக் கேவலமாகப் பட்டது. மனைவியோடு சண்டை பிடிக்கலாம்தான். ஆனால் வீடு அவளுடையது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது, நாங்கள் சாரனும் சட்டையுமாக வந்து ஒட்டிக்கொள்கிறவர்கள். அதனால் சண்டை பிடிக்காமல் களவாக நோன்பு பிடிப்பது என்று முடிவெடுத்தேன்.

விடியுமுன் ஸஹர்ச் சாப்பாட்டுக்கு அவள் எழும்பும்போது, "தனியாத் தின்னாத புள்ள, துணைக்கு இருக்கிறன்" என்று சொல்லிக் கூடவே தின்று குளிசையையும் போட்டுக்கொள்வேன். பகல் சோற்றை அவள் மூடி வைத்துவிட்டு லுஹர் தொழப் போவாள். அந்த நேரத்தில் பூனை பின்கதவடியில் வந்து குந்தியிருக்கும். சோறும் மீனும் அதற்குப் போகும், முள்ளை மட்டும் கோப்பையில் நான் ஒழுங்காக அடுக்கி வைப்பேன். ஒரு கிழமையில் பூனையின் வயிறு தரையில் இழுபட்டது. "இது குட்டி போடப் போகுதுபோல" என்றாள் மனைவி. கடுவன் என்று தெரிந்தும் நான் ஓம் என்றேன்.

சோற்றால் எனக்கு ஆபத்து வரவில்லை. கரண்டியால்தான் வந்தது.

மூன்றாம் நோன்பன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மனைவி ஒரு கரண்டி கஞ்சியோடு குசினியிலிருந்து வந்தாள். "வாய்ப்பாப் போச்சு, நீங்கதான் நோன்பில்லையே. உப்புப் பாருங்க." எத்தனையோ வருடமாக நோன்புக் கஞ்சிக்கு ஒரு குத்துமதிப்பில்தான் உப்புப் போட்டவள் அவள். இப்போது வீட்டிலேயே ஒரு நாக்கு சும்மா கிடக்கிறது. விடுவாளா?

கரண்டியை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினேன். லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, வாயருகே பிடித்துக் கஞ்சியை அதற்குள் ஊற்றினேன். தாடையை நாலு தரம் ஆட்டினேன். தொண்டையைச் செருமினேன். பிறகு திரும்பி, வாய்க்கால் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்கிற அதே குரலில், "உப்புக் கொஞ்சம் காணாது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டாள் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அவளுக்கு அவ்வளவு சந்தோசம். அந்தச் சந்தோசத்தை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லிவிட்டாள். அடுத்த நாளே அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்தபடி ஒரு சின்னக் கோப்பையோடு வந்து நின்றா. "வட்டவிதானையார், எங்கட கஞ்சியையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களன்." பார்த்தேன், அதாவது லேஞ்சிக்கு ஊட்டினேன். "இஞ்சி தூக்கலா இரிக்கி, உப்பு அளவுதான்." மறுகா முழுத் தெருவும் வந்தது. கஞ்சி, சர்பத், பலூடா, சம்பல் என்று அஸர் தொழுதுவிட்டு வந்தால் என் கதிரைக்கு முன்னால் கோப்பைகள் வரிசையில் நிற்கும். ஒருத்தியின் மாப்பிள்ளை கஞ்சி உப்புக் கரிக்கிறது என்று முணுமுணுத்தாராம். "வட்டவிதானையார் பாத்துச் சொன்ன உப்பு, உங்களுக்குத்தான் வாய் சரியில்ல" என்று அவ அவரை அடக்கிவிட்டாவாம். அதைக் கேட்டபோது எனக்குக் கூச்சமே வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இருந்தாலும் நானும் நியாயமாக நடக்கத்தான் பார்த்தேன். உப்புக்கு வழி கிடைக்கவில்லை, இனிப்புக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கதிரைக்குப் பக்கத்து யன்னல் கட்டையில் எறும்பு ஊரும். சர்பத்தில் ஒரு துளியை விரலால் அங்கே வைப்பேன். எறும்பு ஓடி வந்து மொய்த்தால் சீனி காணும், யோசித்து யோசித்து வந்தால் இன்னும் ஒரு கரண்டி. என்னைப் பொறுத்தவரை அந்த மாதம் எங்கள் தெருவின் சர்பத்துகள் எல்லாவற்றையும் ருசி பார்த்தவை எறும்புகள்தான். அவற்றுக்கு நோன்பும் கடமையில்லை.

பின்னேரங்களில் கை நடுங்கும், கண்ணுக்குள் பூச்சி பறக்கும். வெயில் என்று சொல்லிக்கொண்டு நெற்றியைத் துடைப்பேன். துடைப்பதும் அதே லேஞ்சியால்தான். எறும்புகள் என் நெற்றிக்கும் வரத் தொடங்கின.

பன்னிரண்டாம் நோன்பன்று மனைவி பழக் கொக்டெயில் செய்யப் போவதாகச் சொன்னாள். கட்டாரில் இருக்கிற மகள் போனில் செய்து காட்டியதாம். என்னையும் வெட்ட இருத்தினாள். வத்தகப்பழம், பப்பாசி, அன்னாசி, மாதுளம்பழம், மாம்பழம். "எல்லாம் ஒரே அளவு வரோணும்" என்றாள். நான் வரம்பு கட்டுகிற ஒழுங்கில்தான் வெட்டினேன், ஆனால் கை நடுங்கியதில் பப்பாசித் துண்டு ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். அன்னாசியின் கண்ணைத் தோண்டி, துண்டுகளை உப்புத் தண்ணீரில் அலசினாள். வாழைப்பழம் கறுத்துவிடும் என்று கடைசியில் அரிந்து போட்டாள். ஊறின கசகசா, பிழிந்த தோடம்பழச் சாறு, ரோஸ் சர்பத், மேலால் ஐஸ். பேசின் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக, பார்க்கவே தொண்டை வறண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

அவள் ஒரு சின்னக் கோப்பையில் கொஞ்சம் எடுத்து, என் பக்கம் முதுகைக் காட்டி நின்று கலக்கினாள். பிறகு கரண்டியோடு நீட்டினாள். "சீனி பாருங்க."

சுவர், லேஞ்சி, தாடை எல்லாம் வழமைபோல் நடந்தது. யன்னல் கட்டையிலும் ஒரு துளி வைத்தேன். முன்னால் வந்த எறும்பு துளியின் ஓரத்தில் நின்றது, மீசையை ஆட்டியது, திரும்பிப் போனது. அடுத்ததும் அப்படியே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் பழக்கத்தில் இப்படி ஒரு நன்றிகெட்ட வேலையை அவை செய்ததில்லை. இதுகளுக்கும் நோன்பாக்கும் என்று மனதுக்குள் திட்டிவிட்டு, என் சொந்தப் பொறுப்பில் தீர்ப்புச் சொன்னேன்.

"சீனி கொஞ்சம் கூட. தேசிக்காய் ஒண்டு புளிஞ்சா நல்லாயிருக்கும்."

அவள் கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள். என்னையே பார்த்தாள்.

"சீனி கூடவா?"

"ஓம்."

"அந்தக் கோப்பைக்குள்ள நான் சீனி போடல்ல. மூணு கரண்டி உப்புப் போட்டிரிக்கன்."

அன்னாசிக்கென்று எடுத்த உப்புப் போத்தல் மேசையில் மூடியில்லாமல் இருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நேத்து உங்கட லேஞ்சிகளத் தோய்க்க எடுத்தன்" என்றாள். "எல்லாத்திலயும் கஞ்சி, சர்பத். ஒண்டுக்குள்ள பலூடாச் சேமியா கிடக்கு. அப்பதான் அந்தப் பூனைட வயிறும் எனக்கு விளங்கின."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிடிபட்டவனுக்குத்தான் கோபம் கூட வரும். "என்ட நோன்ப நான் பிடிக்கிறன், உனக்கென்ன" என்று சொல்லியபடி எழும்பினேன். மேசை ஒருமுறை சுற்றி வந்தது. அவள் என் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்திவிட்டு, குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு கிளாஸ் கொக்டெயிலை எடுத்து வந்தாள். அது எப்போதோ ஊற்றி வைத்தது, கிளாஸில் வேர்வை பிடித்திருந்தது.

"குடிங்க."

"இன்னும் ஒண்டரை மணித்தியாலம்தான் புள்ள இரிக்கி. பாங்கு சொல்லட்டும்."

"குடிங்க எண்டன்."

"சின்ன வயசில இருந்து ஒண்டும் விடல்ல. தெருவுக்குள்ள எப்பிடி முகம் காட்டுற?"

"தெருவுக்கு இப்பவும் நீங்க நோன்பில்லாத ஆள்தானே" என்றாள். அவள் குரல் பிறகு இறங்கிவிட்டது. "தின்னாமக் கிடந்தா மட்டும் நோன்பா? பன்னிரண்டு நாளா என்னோட பொய், தெருவோட பொய். உப்ப வாயில வைக்காமலே சீனியெண்ட வாய்க்கு என்ன நோன்பு? உங்களுக்கு ஒண்டு நடந்தா, நாலு மாசமும் பத்து நாளும் இந்த அறைக்குள்ள இத்தா இருக்கப் போறது நான்தானே. உங்கட பெருமைக்கு நான் இத்தா இருக்கவா?"

அவள் அழவில்லை. அழுதது நான்தான். வாய்க்கால் கட்டுக்கு மண்வெட்டிகளோடு இரண்டு பக்கமும் வந்து நின்றபோதுகூட நான் அசைந்ததில்லை. கணவனை இழந்தவள் தனித்திருக்கிற இத்தாவை அவள் சொன்னதும் வெள்ளை உடுப்போடு அவள் தனியே அந்த அறைக்குள் இருப்பது என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பிஸ்மில் சொல்லிக் கிளாஸை வாங்கினேன். நினைவு தெரிந்து நோன்பு மாதத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நான் குடித்த முதல் மிடறு அது. வத்தகப்பழம் வாய்க்குள் உடைந்தது. கசகசா வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது மிடறில் கை நடுக்கம் குறைவதுபோல் இருந்தது.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

"சீனி கூட."

"ஓம். உங்களுக்கு எண்டுதான் கூடப் போட்ட. கை நடுங்கிறதப் பழம் வெட்டக்குள்ள இருந்து பாத்துக்கொண்டுதானே இரிக்கன்."

அந்த நேரம் பார்த்து வேலிப் பக்கத்தால் குரல் கேட்டது. கிளாஸை ஒளிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வழமைபோல் கஞ்சிக் கோப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டா. மனைவி ஒரு கரண்டியைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்து விழுங்கினேன். கடல் தண்ணீர் தோற்றுப்போகும். இதைத்தான் எட்டு நாளாக ஒரு குடும்பம் நோன்பு திறந்து குடித்திருக்கிறது.

"உப்புக் கரிக்குது" என்றேன். "ஒரு சனத்துக்கும் குடிக்க ஏலாது."

அவ முகம் மாறிவிட்டது. "நேத்தும் இதே உப்புத்தானே வட்டவிதானையார். அளவு எண்டீங்களே."

மனைவியைப் பார்த்தேன். அவள் எனக்கு உதவிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தது.

"நேத்து நான் நோன்பு" என்றேன். "இண்டைக்கு எனக்கு நோன்பில்ல."

சொல்லிவிட்டு, அந்தப் பெண் பார்த்துக்கொண்டு நிற்கவே, கிளாஸில் இருந்த மிச்சத்தையும் குடித்தேன்.