ஷரீபா சாச்சியின் முயல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பாலக்கரையில் எங்கள் சின்னம்மா ஷரீபா சாச்சியைப் போலத் தண்ணீரைக் கொட்டியவர் யாரும் கிடையாது. பிள்ளையில்லாத வீடு. அவள் புருஷன் காஜா மைதீன் சாச்சா பொன்மலையிலிருந்து ஒரு வெள்ளை முயலை வாங்கி வந்தார். சாச்சி அதற்குச் சீனி என்று பெயர் வைத்து, சோறும் ரொட்டியுமாகக் கொடுத்துக் கொழுக்க வைத்தாள். முயல் ஓடித்திரியும் முற்றத்தில்தான் அவளுடைய தொழுகையும். மூத்திரம் பட்ட இடம் நஜீஸ், தொழுகைக்கு ஆகாத அசுத்தம் அல்லவா? ஒவ்வொரு பாங்குக்கும் முன்னால் குடம் குடமாக ஊற்றிக் கழுவுவாள். சொரசொரப்பான செங்கல் தரை காய்வதற்குள் அடுத்த பாங்கு கேட்டுவிடும்.

ஒரு நாள் கழுவிய தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. சீனியைத் தூக்கிப் பார்த்தாள். பின்னங்கால் அடியில் மயிர் கொட்டி, தோல் கன்றி, நடுவில் புண். சாச்சிக்குப் புண்ணைவிடப் புருஷனை நினைத்துத்தான் பயம். நோவு வந்த பிராணியைச் சாச்சா வீட்டில் வைக்கமாட்டார். தூங்கி விழும் கோழியாகட்டும், நொண்டும் ஆடாகட்டும், "தானா செத்தா ஹராமாப் போயிடும், திங்க ஆகாது" என்று அன்றைக்கே பிஸ்மி சொல்லி அறுத்துவிடுவார். அப்படி ஒரு கண்டிப்பான மனுஷன்!

அன்றிலிருந்து அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே முயலைக் கூடையில் போட்டு மூடினாள். புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவினாள். அந்த வாடை காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து சாம்பிராணி போட்டாள். அவர் சாப்பிடும்போது கூடை அசைந்தால் இவளுக்குச் சோறு இறங்காது. இத்தனை செய்தும் புண் ஆறவில்லை, பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு மத்தியானம் சீனி அவளுடைய தொழுகைப் பாயின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. விரட்டினாள். ஈரத்தில் கால் வைக்கப் பயந்து அது மறுபடியும் பாய்மேலேயே ஏறியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சுத்தம் சுத்தம் என்று நாமே அந்தக் காலைப் புண்ணாக்கியிருக்கிறோம் என்று உட்கார்ந்து அழுதாள். தொழுகையை உள்ளறைக்கு மாற்றினாள். தரையைக் காயவிட்டு வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினாள். நீண்டிருந்த நகங்களை வெட்டினாள். உடம்பின் பாரம் குறையச் சோற்றையும் ரொட்டியையும் நிறுத்திவிட்டு அறுகம்புல் போட்டாள்.

காய்ந்த முற்றம் சாச்சாவின் கண்ணில் படாமல் இருக்குமா?

"என்ன புள்ள, முத்தம் கழுவாம கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே வைக்கோலைக் கிளறினார். சீனி நொண்டிக்கொண்டு ஓடியது. பிடித்துக் காலைப் பார்த்தார்.

"கத்திய எடுத்துட்டு வா."

அவள் நகரவில்லை. அவரே போய் எடுத்து வந்தார். சாச்சி தரையில் உட்கார்ந்தாள். புடவைக் கரையை உயர்த்தித் தன் பாதங்களை அவர் முன்னால் நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெந்துபோய், குதிகால் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அதே தண்ணியிலதாங்க நானும் நின்னேன். மொதல்ல என்னைய அறுத்துடுங்க."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தப் பாதங்களைச் சாச்சா அன்றுதான் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?"

"நோவு வந்தா நீங்க வச்சுக்க மாட்டீங்களே" என்றாள் சாச்சி.