'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டது கணினி

போன ஞாயிறு, மதியம் மூன்று மணி. லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன அரங்கம். ஐந்து மணிக்கு எங்கள் குழுவின் நாடகம். இயக்கம், என் தோழி ஃபரீதா. ஒலிக்குப் பொறுப்பு... நான்!

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் மூட்டை சுமந்தவர்களின் கதை. கப்பல் சங்கு, கிரேன், மழை என்று எல்லாச் சத்தமும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். தயாரித்துக் கொடுத்த நண்பர் காலையிலேயே மெல்பர்னுக்கு விமானம் ஏறிவிட்டார் — தன் மேக் லேப்டாப்போடு.

அரங்கத்தில் இருந்தது விண்டோஸ் கணினி. டிஸ்க்கைச் செருகினேன். திரையில் ஒரு கேள்வி. 'இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யவா?'

"யெஸ் அழுத்து லா! அதான் கேக்குதே" என்றாள் ஃபரீதா.

"ஐயோ, அழுத்தினா எல்லாம் போயிடும்டி!"

வீறாப்பாகச் சொன்னேனே தவிர, அரை விநாடிக்கு முன் நானும் அழுத்தத்தான் போனேன்.

மேக் தன் பாணியில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கை விண்டோஸால் தானாகப் படிக்க முடியாது. மேக் கொஞ்சம் பரவாயில்லை. விண்டோஸ் டிஸ்க்கைப் படிக்கும், ஆனால் அதில் எதையும் எழுதாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? இன்னொரு மேக்குக்கு எங்கே போவது?

"அக்கா, நான் ட்ரை பண்ணட்டுமா?"

திரும்பினால், செல்வம். கப்பல் பட்டறையில் வேலை செய்பவர். நாடகத்தில் இரண்டே வரி பேசும் காவலாளி. செட் தூக்க வேண்டுமென்றால் நாங்கள் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். ஏதோ ஞாயிறு வகுப்பு முடித்து நேராக வந்திருந்தார். பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தார்.

"இதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டிருக்கேன்க்கா. விண்டோஸ் டிஸ்க்கும் படிக்கும், மேக் டிஸ்க்கும் படிக்கும். புது மேக் ஃபார்மேட்னா கஷ்டம்... பாப்போம்."

செருகினார்.

"பழசுதான்க்கா. தப்பிச்சோம்!"

அத்தனை கோப்புகளும் வரிசையாக வந்து நின்றன. ஃபரீதா என் கையைப் பிடித்த பிடியில் அவள் வளையல் பதிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரு தம்ப் டிரைவில் மாற்றிக் கொடுத்தார் செல்வம். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அரங்கத்துக் கணினியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்கத் தெரியாததைக் காலி என்று எடுத்துக்கொண்டது. செல்வம் விஷயத்தில் நாங்கள் மட்டும் என்ன செய்தோம்?

நாடகம் முடிந்ததும் ஃபரீதா கேட்டாள். "இவ்வளவு தெரிஞ்சவரு, எட்டு மாசமா எங்ககூட இருந்தும் ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி?"

"யாரும் கேக்கலையேக்கா" என்று சிரித்துவிட்டு, மேடையில் கிடந்த மேசையைத் தூக்கப் போனார்.

மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.