லூர்து அண்ணனின் மைக்கில் கோளாறு இல்லை

மாதேஷ் யாரையும் ஃபோனில் அழைப்பவர் இல்லை. எதுவானாலும் குழுவில் குரல் பதிவாகப் போடுவார். அதில் பாதி சிரிப்பாகவே இருக்கும். அந்தத் திங்கட்கிழமை காலை அவர் பெயர் என் ஃபோனில் ஒளிர்ந்தபோது, தவறிக் கைபட்டிருக்கும் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். மறுபடி வந்தது. எடுத்தேன்.

"லூர்து அண்ணன் செத்துப்போயிட்டாருங்க."

"எந்த லூர்து அண்ணன்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒரு லூர்து அண்ணன்தான்.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார். ஞாயிறு மாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், விடிவதற்குள் முடிந்துவிட்டது. "நேத்து மத்தியானம் அவரு மைக்கு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.  இருவருமே ஃபோனை வைக்கவில்லை. முந்தைய நாள் மதியம் நாங்கள் எல்லோரும் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். அவர் மைக்கைச் சரிசெய்ய அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தோம்.

'கரகரப்பு' குழுவில் இருக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் வீட்டாரும் இதைப் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு நம்மைத் தெரியாது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் சத்தம் கரகரத்தாலோ உடைந்தாலோ என்ன செய்வது என்று தமிழில் கேட்டுக்கொள்வதற்காகத் தொடங்கிய குழு இது. தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள்தான் அதிகம். தொடங்கியவர் லூர்து அண்ணன். மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். மாம்பழக் காலம் வந்தால் குழுவிலிருந்து காணாமல் போவார். "சீசன்ல மெஷின் சத்தத்துல எனக்குக் காதே கேக்காதுங்க, ஆடி வரைக்கும் பொறுத்துக்கங்க" என்று எழுதிவிட்டுத்தான் போவார்.

அடக்கத்தன்று நானும் மாதேஷும் அவர் ஊருக்குப் போனோம். கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு யாரையும் தெரியவில்லை. எங்கே நிற்பது என்றும் தெரியவில்லை. எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது அவர் மனைவி ஜெசிந்தா அக்கா எங்களை நோக்கி வந்தார்.

"நீங்கதான் கம்ப்யூட்டர்ல அவரோட பேசுறவங்களா?"

"ஆமாங்கக்கா" என்றார் மாதேஷ்.

"நேத்திக்கி மொத நாளு, நான் சர்ச்சுல பூசை முடிஞ்சி அதியமான்கோட்டைக்கு எங்கக்கா வூட்டுக்குப் போயிட்டேன். நான் வர்றப்ப அந்தக் காதுல மாட்டுறத மாட்டிக்கிட்டே நாற்காலில சாஞ்சி கெடந்தாரு. அதுக்கு முன்ன உங்ககூடத்தான பேசிக்கிட்டு இருந்தாரு? என்னையக் கூப்புட்டாரா?"

மாதேஷ் என் முகத்தைப் பார்த்தார். கூப்பிட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது.

ஞாயிறு மதியங்களில் நம் குழுவில் சிலர் சேர்ந்து லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுவோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மாதேஷ் அதை எப்போதும் பதிவு செய்வார். வேடிக்கையான இடங்களை வெட்டிக் குழுவில் போடுவதற்காக. அந்த ஞாயிற்றுக்கிழமையின் பதிவும் அவரிடம் இருந்தது. "எங்கிட்ட ரெக்கார்டு இருக்குதுங்கக்கா. ஆனா அவரு பேச்சு வெளங்கல" என்று அக்காவிடம் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "இவங்க கிளீன் பண்ணிக் குடுப்பாங்க" என்றார். அப்படி ஒரு வாக்கை என் தலையில் ஏற்றிவிட்டார்.

நான் குழுவுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் விளையாட்டில் இடி இடித்தாலும் குதிரை ஓடினாலும் ஹெட்செட்டில் சத்தம் பிய்ந்தது. எழுதிக் கேட்டேன். லூர்து அண்ணன் வழக்கம்போல, "அந்தச் சத்தத்த வாயால பண்ணி அனுப்புங்க" என்றார். இதுதான் அவர் முறை. செட்டிங்ஸ் படம் கேட்க மாட்டார். மாடல் எண் கேட்க மாட்டார். அப்போது ஓர் அந்நியர் குழுவில் வாயால் சத்தம் செய்து அனுப்புவதைவிட விளையாட்டையே அழித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பேச விருப்பமில்லை என்று எழுதினேன். சற்று நேரத்தில் அவரிடமிருந்தே ஒரு குரல் பதிவு வந்தது.

"பரவால்ல தங்கச்சி. நானே பண்றேன், நீங்க நம்பர் மட்டும் போடுங்க. ஒண்ணு, கடுகு பொரியறது." பொரிந்தது. "ரெண்டு, தகரத்து மேல மழை." பெய்தது. "மூணு, ஸ்டேசன் புடிக்காத ரேடியோ. நாலு, எங்க மேனேஜரு திட்டறது."

நாலு என்று போட்டேன்.

"அப்படின்னா சத்தத்த எங்கியோ அளவுக்கு மேல ஏத்தி வெச்சிருக்கீங்க. மேனேஜரு மெதுவாச் சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்றார். விளையாட்டில் ஒரு முறை, கம்ப்யூட்டரில் ஒரு முறை, ஹெட்செட்டின் மென்பொருளில் ஒரு முறை என்று மூன்று இடங்களில் ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன். மூன்றாவதை அணைத்ததும் குதிரை குதிரையாக ஓடியது. கடுகு என்று நான் சொல்லியிருந்தால் வேறு இடத்தில் தேடியிருப்பார்: கம்ப்யூட்டருக்கு வேலை அதிகமாகிச் சத்தத்தை நேரத்துக்கு எடுத்துத் தர முடியாமல் நடுநடுவே விட்டுவிடுகிறது என்று பொருள்.

அதற்குப் பிறகும் பல மாதங்கள் நான் மைக்கைத் திறக்கவில்லை. புதிதாக வந்த ஒருவர், "அந்தக்கா எதுக்கு வருது, பேசவே மாட்டேங்குது?" என்று கேட்டார். லூர்து அண்ணன் லாரியைத் திருப்பியபடியே சொன்னார்: "அவங்க கேக்கறாங்கப்பா. எல்லாரும் பேசினா கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணாமா?"

மாதேஷுக்கும் அவருக்கும் நடந்த சண்டை குழுவில் எல்லோருக்கும் தெரியும். மாதேஷ் ஒரே நாளில் ஒலிக்கான டிரைவர் மென்பொருளை மாற்றி, ஒயரை மாற்றி, கண்ணில் பட்ட செட்டிங்ஸை எல்லாம் மாற்றிக் கரகரப்பை ஒழித்துவிட்டார். லூர்து அண்ணன் பாராட்டவில்லை. "எல்லாத்தயும் பழையபடி மாத்து" என்றார்.

"அண்ணா, சரியாயிடுச்சுங்கண்ணா!"

"எதால சரியாச்சு?"

"அது எதுக்குங்கண்ணா? சாப்பாடு வந்துடுச்சு, எந்த அடுப்புல வெந்தா என்ன?"

"நாளைக்கி மறுபடி வந்தா எந்த அடுப்ப அணைப்ப? ஒண்ணு மாத்து, கேளு. அப்பறம் இன்னொண்ணு மாத்து, கேளு. சரியானா மட்டும் பத்தாது மாதேசு, எதால சரியாச்சுன்னு தெரியணும்."

மாதேஷ் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பழையபடி வைத்துக் கரகரப்பைத் திரும்ப வரவழைத்தார். வீட்டில் கன்னடம் பேசுபவர் என்பதால் திட்டு எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. கடைசியில் காரணம் ஒயர் மட்டும்தான் என்று தெரிந்தது.

அந்த முறையிலிருந்து பிறந்ததுதான் நம் குழுவின் வழக்கம். யாருடைய குரலாவது உடைந்தால் மற்றவர்கள் அமைதியாகிவிட வேண்டும். ஒருவர் மட்டும் வழி சொல்ல வேண்டும். குரல் உடைந்தவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் எந்த மாற்றத்தில் குரல் தெளிகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியும். என்ன பேசுவது என்று தடுமாறக் கூடாது என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை உண்டு. மாதேஷ் தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வரைக்குமான பஸ் நிறுத்தங்களைச் சொல்வார். லூர்து அண்ணன் மாம்பழப் பெயர்கள் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டின் மலைப்பாதை ஒன்றில் லாரிகளில் மரம் ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தோம். "அண்ணா, தொப்பூர் கணவாய்ல எறங்குற மாதிரியே எறங்குறீங்க, பிரேக்க தேச்சிடாதீங்க" என்றார் மாதேஷ். லூர்து அண்ணன் ஏதோ பதில் சொன்னார். சொற்கள் இழுத்துக்கொண்டு வந்தன.

"அண்ணா, வாய்ஸ் இழுக்குது."

"இப்ப?" என்றார். அதுவும் பாதிதான் வந்தது.

வழக்கப்படி எல்லோரும் அமைதியானோம். மாதேஷ் வழி சொன்னார். "மாம்பழம் சொல்லிக்கிட்டே இருங்கண்ணா. நாங்க கேக்குறோம்." மல்கோவா சரியாக வந்தது. செந்தூரா குழைந்தது. பெங்களூரா என்று அவர் சொன்னது பெங்களூரா இல்லை. ஹெட்செட்டைப் பிடுங்கி வேறு துளையில் செருகச் சொன்னோம். ஒலி பதியும் வேகமும் கேட்கும் வேகமும் பொருந்தாவிட்டால் குரல் இப்படித்தான் இழுக்கும் என்று நான் எழுதிப் போட்டேன். அவர் செருகினார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு சத்தமே இல்லை.

"ரீஸ்டார்ட் பண்றாரு போல" என்று யாரோ சொன்னார்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் விளையாட்டிலிருந்து அவர் லாரி மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. சாலையோரத்தில் எஞ்சின் ஓடியபடி நின்றது. இத்தனை பேர், இத்தனை வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மாதேஷ் கடந்து போகும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

முன்பே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஜெசிந்தா அக்கா டாக்டரிடம் கேட்டிருக்கிறார். பெரிய ரத்தக்கசிவு, சொல்ல முடியாது என்றாராம். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

பதிவை வாங்கிக்கொண்டு வந்தேன். மாதேஷின் மென்பொருள் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்யும். லூர்து அண்ணனின் குரலை மட்டும் பிரித்தெடுத்தேன். இரைச்சலை நீக்கிவிட்டால், வேகத்தைச் சரிசெய்தால், சொற்கள் வெளியே வரும் என்று நம்பினேன். அவர் சொன்னபடியே செய்தேன்: ஒன்றை மாற்றுவது, கேட்பது, பழையபடி வைப்பது, அடுத்ததை மாற்றுவது. எதிலும் சொற்கள் மாறவில்லை.

பிறகு ஒன்றையும் மாற்றாமல் கேட்டேன். அவர் அறையின் மின்விசிறி கேட்டது. ஜன்னலுக்கு வெளியே காக்கை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில். ஹெட்செட்டைப் பிடுங்கும் டொக், மறுபடி செருகும் டொக். நாற்காலி கிறீச்சிடுவது. எல்லாம் அவ்வளவு துல்லியமாக இருந்தன. மைக்கில் ஒரு குறையும் இல்லை. ஒயரில் இல்லை, டிரைவரில் இல்லை, வேகத்தில் இல்லை. குரல்தான் உடைந்திருந்தது. உடைந்தது பதிவில் அல்ல, அவருக்குள். இத்தனை நல்ல ஒலிப்பதிவை நான் அதுவரை கேட்டதில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். 

இதை எப்படி அக்காவிடம் சொல்வது? அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் மாதேஷ், "கூப்புட்டாருன்னு சொல்லிடலாங்களா?" என்று கேட்டார். "ஒரு வார்த்த. அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்." எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கேட்டது ஜெசிந்தா அக்கா. கேட்கப்பட்டது லூர்து அண்ணனைப் பற்றி, சரியானால் மட்டும் போதாது, எதனால் என்று தெரிய வேண்டும் என்றவரைப் பற்றி. வேண்டாம் என்றேன்.

லூர்து அண்ணனின் நாற்காலியில் அக்கா உட்கார்ந்தார். அவருடைய ஹெட்செட்டையே மாட்டிக்கொண்டார். முதலில் நான் சொல்லிவிட்டேன்: "அக்கா, இதுல ரிப்பேரு எதுவும் இல்ல. என்னால கிளீன் பண்ண முடியல. அவரு பேச்சே அப்படித்தான் இருந்துச்சு. நாங்க மைக்குன்னு நெனச்சுட்டோம்."

"போடு கண்ணு" என்றார்.

முழுவதும் கேட்டார். எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் தெரிந்தது. நடுவில் ஒரு முறை, "இது என்னா, டொக்குனு?" என்று கேட்டார்.

"நாங்க கழட்டி மாட்டச் சொன்னோங்க. மாட்டுறாரு."

"இது என்னமோ மாம்பழம் சொல்றாரே?"

"அதுவும் நாங்க சொன்னதுதாங்க" என்றார் மாதேஷ்.

முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னையக் கூப்புடல."

ஒயரை விரலில் சுற்றிக்கொண்டார்.

"அந்தாளு பயந்தா கூப்புடுவாரு" என்றார் அக்கா. "போன மழைக்கி இந்த ரூமுக்குள்ள ஒரு சாரப்பாம்பு வந்துடுச்சு. ஜெசிந்தா, ஜெசிந்தான்னு கத்துன கத்துல பக்கத்து வூட்டாளுங்கெல்லாம் ஓடியாந்துட்டாங்க. கட்டிலு மேல ஏறி நின்னுக்கிட்டு இருந்தாரு, எம்மாம் பெரிய மனுசன்." சிரித்தார். சிரிப்பு எங்கே அழுகையானது என்று சொல்ல முடியவில்லை. "கூப்புடலன்னா பயப்படலன்னுதான அர்த்தம்? மைக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருக்காரு. ரிப்பேரு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"ஆமாங்கக்கா" என்றேன். அது உண்மை. நாங்கள் நினைத்ததைத்தான் அவரும் நினைத்திருக்கிறார்.

"அப்ப சரி" என்றார். எழுந்து காப்பி போடப் போனார்.

நான் அவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். ஒன்றை மாற்றிவிட்டுக் கேட்பது, அது என் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் அது எல்லோருக்கும் அவர் கொடுத்தது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வேறு. போன ஞாயிறு, அவர் போனபிறகு முதன்முறையாக, நாங்கள் மறுபடி லாரி எடுத்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே மாதேஷின் குரல் கரகரத்து அறுந்தது. யாரும் செட்டிங்ஸ் சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் சொல்லச் சொல்லவில்லை. யாரையும் ஃபோனில் அழைக்காத நானும் ஃபோனை எடுத்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்திருக்கிறோம். லைன் கிடைக்கவே இல்லை. மூளையில் ரத்தம் கசிந்தால் பேச்சு குழறும், ஒரு கை தூக்க வராது என்று அதற்குள் படித்திருந்தேன். கடைசியில் அவர் எடுத்தபோது நான் கேட்டது இதுதான்: "ரெண்டு கையையும் தூக்குங்க. தூக்க முடியுதா? வூட்ல கூட யாரு இருக்காங்க?"

"தூக்கிட்டேங்க, தூக்கிட்டேன்! எங்காத்தா பக்கத்துலயே நின்னு பாக்குது, இவனுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சான்னு. ஒயரு லூசுங்க. உசுரோடதான் இருக்கேன்."

அதன் பிறகும் இருவருமே ஃபோனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.