சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம்

என் தம்பி இங்கிலாந்தில் ஒரு குக்கிராமத்து டாக்டர். அந்த ஊர்க்காரியையே கல்யாணம் செய்துகொண்டான். ஒரு சர்ச், ஒரு பப், பஸ் வராத ஒரு பஸ் ஸ்டாப், அவ்வளவுதான் ஊர். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் லாட்டே அதைவிடப் பெரிது என்று சீண்டுவேன். சின்ன வயதில் கோயில் மணிக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன், அங்கே ஞாயிறுதோறும் சர்ச் கோபுரத்தில் கயிறு இழுத்து மணியடித்தான். "சாமிக்காக இல்லக்கா, எக்சர்சைஸ்" என்பான்.

மாரடைப்பில் போய்விட்டான். எனக்கு விசா கிடைத்து நானும் கணவரும் போய்ச் சேர்வதற்குள் தகனம் முடிந்திருந்தது. சர்ச்சில் நினைவு ஆராதனை. முன்னால் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் ஒரு மரப்பெட்டி, அதற்குள் என் தம்பி. அவனுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிடிச் சாம்பலையாவது காவிரியில் கரைக்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை தூரம் வந்தேன். பாதிரியார் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

பிறகு வீட்டில் டீயும் சாண்ட்விச்சும். ஊரே வந்து, தட்டைப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி மனைவியின் முகத்தில் உயிரே இல்லை. அவளிடம் போய்ச் சாம்பலைப் பங்கு கேட்பதா? ஊர் திரும்பியதும் போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். டாக்சி வந்தது. அவளைத் தேடித் திரும்பினேன். கணவர் கையைப் பிடித்தார்.

"சாவு வீட்ல சொல்லிக்கக் கூடாது. பேசாம வா."

எனக்கும் தெரிந்ததுதான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறி உட்கார்ந்தோம்.

இங்கே வந்ததும் மகள், "யூ ஜஸ்ட் லெஃப்ட்?" என்றாள். "அது நம்ம வழக்கம்டீ" என்று எரிந்து விழுந்தேன்.

சில வாரம் கழித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு தம்பி மனைவிக்குப் போன் செய்து சாம்பலைக் கேட்டேன். அவள் நிதானமாக, ஆங்கிலத்தில் சொன்னாள். அக்காவுக்குப் பாதி கொடு என்று அவன் எப்போதோ சொல்லி வைத்திருந்தானாம். நான் விடைபெறும்போது கையில் கொடுப்பதற்காக மாடியில் தனிப்பெட்டியில் வைத்திருந்தாளாம். அதை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தபோது நான் இல்லை. பெட்டியோடு சர்ச் வரைக்கும் போய்த் தேடியிருக்கிறாள். குட்பைகூடச் சொல்லாமல் போனதால் எனக்கு அவள்மேல் கோபம், அவன் சாம்பலும் வேண்டாம் என்று நினைத்துவிட்டாள். போன வாரம் இரண்டு பெட்டியையும் சேர்த்து சர்ச் மதிலோரம் புதைத்தாயிற்று. புதைத்ததைத் தோண்ட சர்ச் லேசில் சம்மதிக்காதாம்.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அவர் ஒருநாளும் இதைச் சொன்னதில்லையே" என்று அழுதாள். கடைசியில் அவளே குட்பை சொன்னாள். அப்போதும் பதிலுக்கு குட்பை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.