தரைக்கும் காருக்கும் இடையில்

எங்கள் காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. வாங்கிய வருடமே அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் கிடந்த கல்லில் தட்டி, எஞ்சின் ஒயில் முழுவதும் தெருவில் கொட்டிவிட்டது. அதன் பிறகு வேகத்தடைகளைக் குறுக்காக, ஒவ்வொரு சில்லாக ஏற்றி இறக்கப் பழகினேன். பாரம் கூடினால் கார் இன்னும் பதியும். யாராவது ஏறும்போது மனதுக்குள் அவர்களை நிறுத்துப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது.

போன மாரியில் புல்மோட்டையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் கணவர், பின்னால் அவருடைய அக்காவும் அத்தானும். காலையிலிருந்து மழை. வழியில் பாலம் திருத்துவதற்காகப் போட்டிருந்த மாற்றுப்பாதையைத் தண்ணீர் அரித்து, கற்களை வெளியே எடுத்திருந்தது. நான் காரை நிறுத்தினேன். மரத்தடியில் குடையில்லாமல் நின்ற ஒருவர், அறுபது வயதிருக்கும், கண்ணாடிக்குக் கிட்ட வந்தார். கையில் சாப்பாட்டுப் பை.

"பிள்ளை, டவுண் வரைக்கும் என்னையும் ஏத்துவீங்களோ? என்ர மனுசி ஆஸ்பத்திரியில கிடக்கிறா."

பின்சீற்றில் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் கலியாண வீட்டுப் பலகாரப் பெட்டி இருந்தது. அதை மடியில் எடுத்து வைத்தால் ஓர் ஆள் இருக்கலாம்.

"ஏலாது ஐயா. இன்னொரு ஆள் ஏறினால் கார் அடியில தட்டும். பின்னால பஸ் வரும்தானே," என்றேன்.

"ஓம் பிள்ளை, விளங்குது," என்றார்.

பையை மரத்தடியில் வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீருக்குள் இறங்கினார். எங்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடியே, காலால் கற்களைத் தடவிப் பார்த்துக் கையால் வழி காட்டினார். "கொஞ்சம் வலப்பக்கம் எடுங்கோ. அதில கல்லு கிடக்கு." கார் எங்கேயும் தட்டவில்லை. கணவர் நன்றி சொன்னார். பையை எடுக்க அவர் திரும்பித் தண்ணீருக்குள் நடந்து போவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பின்னேரம் புல்மோட்டையிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "நீங்கள் போய்க் கொஞ்ச நேரத்தில அந்தப் பாதை உடைஞ்சிட்டுது. அதுக்குப் பிறகு ஒரு வாகனமும் போகேல்ல."

ஐந்தாம் நாள், கற்களைக் கொட்டிப் பாதையைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத் தனியே போனேன். அந்த மரத்தடிக்குப் பக்கத்துக் கடையில் அவரைப் பற்றி விசாரித்தேன்.

"அவரோ? இருட்டும் வரைக்கும் நிண்டவர். பஸ் வரேல்ல. அடுத்த நாள் விடிய மனுசி மோசம் போயிட்டா எண்டு தகவல் வந்தது," என்றார் கடைக்கார அம்மா. வீட்டையும் அவரே காட்டினார்.

வாசல் படலையில் செத்தவீட்டு வெள்ளைத் துணி நனைந்து தொங்கியது. அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாய் திறப்பதற்குள் அவர் கேட்டார்:

"அண்டைக்குக் கார் அடிபடாமல் போய்ச் சேர்ந்ததோ?"

"ஓம்," என்றேன்.

"ஒவ்வொரு நாளும் போனனான் பிள்ளை. அண்டைக்கு மட்டும் போக ஏலேல்ல. தேடியிருப்பா," என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தனியாகக் கார் ஓட்டவே பயம். பள்ளம் எதிலாவது வேகத்தைக் குறைத்தால், கண்ணாடிக்கு முன்னால் நனைந்த கையொன்று வலப்பக்கம் எடுக்கச் சொல்லும். எடுப்பேன். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

தைப்பொங்கலுக்கு மறுபடியும் புல்மோட்டைக்குப் போனோம். இம்முறை அக்காவின் மாமியாரும் வந்தார். மூன்று பேர் பின்னால் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். மாற்றுப்பாதை முன்பைவிட மோசமாகக் கிடந்தது. நடுவில் ஒருமுறை அடியில் மெல்ல உரசும் சத்தம் கேட்டது. கணவர் இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"ஒண்டும் இல்லை. சின்னக் கீறல்தான். எடும்," என்றார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் காரை எடுக்க முடியவில்லை. பின்னால், அன்று பலகாரப் பெட்டி இருந்த இடத்தில் இருந்த அக்காவின் மாமியார், "ஏன் பிள்ளை, நான் இறங்கி நடக்கட்டோ?" என்று கேட்டார்.