நான் பார்க்காத கேட்ச்

பத்திரிகைப் புகைப்படப் பாடம் எடுத்த மேடம் முதல் வகுப்பிலேயே இரண்டு விதிகளை ஒரே மூச்சில் சொன்னார். முகம் தெரியும்படி யாரையும் கேட்காமல் எடுக்காதே. இந்த வளைகுடா ஊரில் அது சட்டம், எந்த ஊரிலும் அது மரியாதை. அடுத்தது, நீயாக நிற்கவைத்து எடுத்த எதையும் தானாக நடந்தது என்று காட்டாதே. நான் இரண்டுக்கும் பலமாகத் தலையாட்டினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை என்பது அல்கூஸ் மணலில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

எங்களுக்குக் கொடுத்த தலைப்பு 'ஓய்வு நாள்'. ஆளுக்கு ஒரே ஒரு படம். வகுப்பிலேயே சிறந்த படத்தை ஆள் உயரத்துக்கு அச்சிட்டு, கல்லூரிக் கண்காட்சியின் வாசல் சுவரில் மாட்டுவார்கள். காமிராவைக் கையில் எடுக்கும் முன்பே அந்தச் சுவர் என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். எனக்குத் தன்னடக்கம் கொஞ்சம் குறைவு. உம்மாவைக் கேட்டால் சுத்தமாகவே இல்லை என்பார்.

வாப்பாவுக்குக் கராமாவில் மொபைல் கடை. கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் அல்கூஸ் தொழிலாளர் கேம்பில் தங்கியிருப்பவர்கள். அதில் ஒருவர் பரமக்குடிப் பக்கத்து எலக்ட்ரீஷியன். ஞாயிறு காலை கேம்புக்குப் பின்னால் உள்ள மணல்வெளியில் ஆடும் கிரிக்கெட் அணிக்கு அவர்தான் கேப்டன். அவரிடம் சொல்லிவைத்து, வாப்பாவே காரில் கூட்டிப்போனார். தூரமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகத்தான் சொன்னார்.

விதிப்படி நான் முதலில் அனுமதி கேட்டேன். உடனே ஆட்டம் நின்றது. பவுலர் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரூமுக்கு ஓடினார், அவர் பின்னால் மற்றவர்களும் ஓடினார்கள். திரும்பி வரும்போது எல்லார் தலையும் ஈரமாக வாரியிருந்தது, முகத்தில் பவுடர். இஸ்திரி போட்ட சட்டைகள் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. கேப்டனிடம் ஒரே ஒரு கூலிங்கிளாஸ் இருந்தது. அது ஒவ்வொரு முகமாக ஏறி இறங்கியது. பேப்பர் படிக்க வேண்டிய வாப்பா நடுவில் வந்து நின்று, கொஞ்சம் இடப்பக்கம், கையைக் கட்டுங்க, சிரிங்க தம்பி என்று வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மேடம் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கும் ஒரே நாளில் பாஸ்போர்ட் படம் எடுத்து முடித்துவிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு கொஞ்சம் தேறியிருந்தேன். முதலில் எல்லாரையும் அவர்கள் ஆசைப்படி எடுத்து, அங்கேயே அவரவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால், ஆசை தீர்ந்து என்னை மறந்துவிடுவார்கள் என்பது திட்டம். திட்டம் பலித்தது. அவர்கள் என்னை மறந்து ஆட ஆரம்பித்தார்கள். நான்தான் குனிந்து படம் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்து மைதானமே அலறியது.

நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாரம் கட்டும் வேலை செய்யும் அறந்தாங்கி அண்ணன் ஒருவர், பின்பக்கமாக ஓடி, தாவி, ஒற்றைக் கையால் கேட்ச் பிடித்துவிட்டாராம். இதில் என்ன விசேஷம் என்றால், அந்த அணியில் அவருக்கு ஓட்டைக்கை என்றுதான் பெயர். வந்த நாளிலிருந்து பிடித்த கேட்ச் ஒன்றும் கிடையாது. அந்தப் பெயர் வீடியோ கால் வழியாக ஊருக்கும் போய், அவர் மனைவியும் அப்படியே கூப்பிடுகிறாராம். தோளில் தூக்கிச் சுற்றிவிட்டு இறக்கியதும் அவர் நேராக என்னிடம் வந்தார்.

"எடுத்துட்டியளா தங்கச்சி? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, வீட்டுக்கு அனுப்பணும்."

இல்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. கேப்டன்தான் சமாளித்தார். அதனால் என்ன, மறுபடி பிடித்துவிட்டால் போகிறது. கேட்டதும் வாப்பாவுக்குக் கண் மின்னியது. நான் விதி என்று முனகியது யார் காதிலும் விழவில்லை.

எதிரணி பேட்ஸ்மேன் பெஷாவர்க்காரர். அவுட்டான மனிதர் பெருந்தன்மையாகத் திரும்பி வந்து, அதே மாதிரி தூக்கி அடித்தார். பந்து ரோட்டுக்குப் போனது. இன்னொன்று நேராக வாப்பாவிடம் வந்தது. வாப்பா பிடித்துவிட்டார், அதற்கும் ஒரு கூச்சல். கடைசியில் கேப்டன் ஒரு டிரம்மின் மேல் ஏறிநின்று, பந்தை மேலேயிருந்து போட, அண்ணன் தாவித் தாவி விழுந்தார். என் விரல் பட்டனை விட்டு எழவே இல்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எத்தனையோ தடவை தவறவிட்ட பிறகு ஒரு முறை பந்து கையில் ஒட்டியது. திரையில் பார்த்தேன். உடம்பு முழுக்கக் காற்றில், கீழே புழுதி, விரல் நுனியில் பந்து. எனக்குத் தலை சுற்றியது. சுவர் என்னுடையதேதான்.

வீடு வரும் வழியில்தான் பிரச்சினை உறைத்தது. டிரம்மின் மேலிருந்து ஒருவர் போட்ட பந்தை மேட்சில் பிடித்த கேட்ச் என்று எப்படிச் சொல்வது? அவர் பிடித்தது உண்மைதானே என்றார் வாப்பா. உண்மை, ஆனால் இந்தப் படம் அந்த உண்மை இல்லை என்றேன். உன் மேடம் ரொம்பப் படுத்துகிறார் என்று சொல்லி, சிக்னலில் காரை நிறுத்தினார்.

அன்று மாலை முழுக்கப் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். நடுவில், நான் கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்று வந்தது. அண்ணன் வயிறு தரையில் படக் கிடக்கிறார், பந்து விரலிடுக்கில் நழுவிப் போகிறது. டிரம்மின் மேல் கேப்டன் தலையில் கைவைத்திருக்கிறார். பெஷாவர்க்காரர் மட்டையைப் பிடித்தபடி சிரித்துச் சரிகிறார். ஓரத்தில் வாப்பா, ஒரு பெரிய டைரக்டர் தோரணையில், இரண்டு கையையும் விரித்து. ஒருவர்கூடக் காமிராவைப் பார்க்கவில்லை. இதுதான் ஓய்வு நாள். நான் கட்டிலில் குதித்தேன், உம்மா அடுக்களையிலிருந்து அதட்டினார்.

மேடத்துக்கும் படம் பிடித்தது. ஆனால் ஓட்டைக்கை என்ற பெயரைத் துடைக்க ஆசைப்பட்ட மனிதர், ஆள் உயரத்தில் கேட்சைக் கோட்டைவிடுகிறார். அவர் முழு மனதோடு சம்மதிக்காவிட்டால் மாட்டக்கூடாது என்றார். மறுபடியும் அல்கூஸ் போனேன். படத்தைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மாட்டிக்கங்க. ஆனா முதல்ல பிடிச்சேன், அதுக்கப்புறந்தான் விட்டேன்னு கீழ எழுதணும். பெருசா எழுதுங்க."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மேடம் அதையும் விடவில்லை. நீ பார்த்தாயா என்றார். பார்க்கவில்லை. அப்படியானால் பார்த்தவர்களைத் தனித்தனியாகக் கேள், அவர்கள் சொன்னதாக எழுது. நான் ஃபோனில் ஒவ்வொருவராகப் பிடித்தேன். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்கள். பெஷாவர் பாயிடம் என் ஓட்டை இந்தியில் கேட்டபோது, அவர் கொஞ்சம் மனத்தாங்கலோடு, ஆமாம், பிடித்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டார். கடைசியில் படத்தின் கீழே ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: 'ஆட்டத்தில் பிடித்த கேட்சை, புகைப்படக்காரருக்காகத் திரும்பப் பிடித்துக்காட்ட முயல்கிறார். அசல் கேட்சைப் புகைப்படக்காரர் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சக வீரர்கள் கூறுகின்றனர். அவுட்டானவரும் மறுக்கவில்லை.'

கண்காட்சி நாளில் மொத்த அணியும் மெட்ரோ ஏறி வந்தது. அதே இஸ்திரிச் சட்டைகள். கூலிங்கிளாஸ் அன்று அண்ணனிடம் இருந்தது. வாசல் சுவரில் தன் அளவுக்கே கிடந்த தன்னைப் பார்த்து, அவர் கண்ணாடியைக் கழற்றினார். வருகிறவர்கள் எல்லாம் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், கீழே படித்துவிட்டு மறுபடி சிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் மட்டும் கீழே இருந்ததைக் கேப்டனிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, என்னைக் கொஞ்சம் குறையோடு பார்த்தார். பிடித்தார் என்று நேராகப் போடாமல், கூறுகின்றனராம்.

அப்போதே மனைவிக்கு வீடியோ கால் போட்டார். படத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே நேரமானது. முதலில் பிடித்தேன், இதில் எழுதியே இருக்கிறது என்று இவர் மன்றாட, நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டத்தான் உங்களுக்கு ஒரு கூட்டம் இருக்கிறதே என்றார் மனைவி. அணியே ஃபோனுக்குள் தலையை நீட்டிச் சத்தியம் செய்தது. அவர் அசையவில்லை. படம் எடுத்த பிள்ளையிடம் கொடுங்கள் என்றார்.

அண்ணன் ஃபோனை என் கையில் கொடுத்தார். ஒரே ஒரு வார்த்தைதான். அவர் கண் கெஞ்சியது. ஆமாம் என்று சொல்லிவிட எனக்கும் அவ்வளவு ஆசையாக இருந்தது.

"நீ கண்ணால பாத்தியாம்மா?"

"இல்லக்கா. நான் பாக்கல. ஃபோன்ல குனிஞ்சிருந்தேன். அவுட்டானவரக் கேட்டேன், அவரு பிடிச்சாருன்னு சொன்னாரு."

அணி மொத்தமும் பெருமூச்சு விட்டது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். திரையில் அந்த அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பக்கத்துல அத்தனை பேரு நிக்கயிலயும் பாக்கலன்னு சொல்ற. அப்ப மத்தது நெசமாத்தான் இருக்கும். அவருகிட்ட குடு."

கொடுத்தேன். அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு படத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்தப் பக்கம் மனைவி என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. கொஞ்சம் கழித்து அவர் கூலிங்கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார். என் காமிரா கழுத்திலேயே தொங்கியது, நான் அதைத் தொடவில்லை.