ஷட்டரை இறக்கிவிட்டுப் பேசிய ஞாயிறுகள்

கல்யாணமான நான்கு வருடத்தில் என்னைப் பார்த்து “ஏதாச்சும் விசேஷமுங்களா?” என்று கேட்காத ஆள் கிடையாது. இருவரும் சேர முடிகிறதா என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. முடியவில்லை. கணவர் நெருங்கினாலே உடம்பு இறுகிக்கொள்ளும், உயிர் போகிற மாதிரி வலிக்கும். மாமியார் கூட்டிப்போன குழந்தைப்பேறு மருத்துவமனையில்கூட அதைக் கேட்காமல் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், அடுத்த மாதம் ஊசி ஆரம்பிக்கலாம் என்றார்கள். எரிச்சலாக வந்தது. வலிக்கிறவளை விட்டுவிட்டு வராத குழந்தைக்கு வைத்தியமா!

போனில் தேடித்தான் ஒரு பெண் மனநல ஆலோசகரைக் கண்டுபிடித்தேன். வீடியோவில் பேசலாம் என்றார். எங்கே பேசுவது? மாடியில் குடியிருப்பு, இருமினால் மாமியாருக்குக் கேட்கும். கீழே எங்கள் பவர் டேபிள், பனியன் தைக்கிற சின்ன யூனிட். ஞாயிறு லீவு. ஷட்டரை இறக்கிவிட்டு, தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். அவர் முதலில் கேட்டதே வலியைப் பற்றித்தான். அழுது தீர்த்தேன்.

இது என் குற்றமில்லை, பயத்தில் தசை தானாக இறுகுகிறது, பழக்கினால் தளரும் என்றார். மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தும் பயிற்சி என்று வாராவாரம் கொடுத்தார். அவர் சொல்லும்வரை சேர முயற்சி செய்யவே கூடாது. ஒரு ஞாயிறு கணவரும் வர வேண்டும் என்றார்.

தைத்த பீஸ் அனுப்ப வேண்டும், நூல் வாங்க வேண்டும் என்று கணவர் என்னென்னவோ சாக்கு சொன்னார். விடுவேனா? பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். இத்தனை நாள் என்ன நினைத்தீர்கள் என்று அந்தம்மா கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னெப் புடிக்காமத்தான் இவ ஒதுங்கறான்னு நெனச்சுட்டனுங்க மேடம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அடங்கினேன். எனக்கும் பாவமாக இருந்தது.

ஊசி ஆரம்பிக்கிற நாள் வந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. மாமியார் பையோடு தயாராக இருந்தார். நான் வரவில்லை என்றேன். என் வலிக்கு வைத்தியம் நடக்கிறது, அது முடியட்டும், குழந்தையைப் பற்றி அப்புறம் நாங்களே சொல்கிறோம் என்றேன்.

மாமியார் மகனைப் பார்த்தார். “நீயாச்சும் சொல்லு சாமி.”

கணவர் போய் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும் கண்ணு. நானெல்லாம் பொறுத்துக்கலையா?” என்றார் மாமியார்.

“நீங்க பொறுத்திருக்கவே வேண்டாமுங்க அத்தை. நான் பொறுக்க மாட்டனுங்க.”